முதிய நாயை மாடிப்படிக்கு அனுப்பும் முன்

மும்பையில் நம்மவர்களில் நாய் வளர்ப்போர் பெரும்பாலோருக்குத் தோட்டமும் கிடையாது, கொல்லையும் கிடையாது. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் பாண்டுப்பிலும் ஒற்றை அறை, மிஞ்சினால் ஒன்றரை அறை. அதற்குள்தான் அடுப்பு, கட்டில், டெலிவிஷன், பிள்ளைகளின் புத்தகப் பை, இங்கே மோரி என்று சொல்லப்படும் கழுவுமிடம் எல்லாம். நாயும் அதற்குள்ளேதான். குட்டியாக வந்த நாளில் மடியில் கிடந்தது, பிறகு கட்டிலடியில் படுத்தது. பத்து வயதைத் தாண்டியதும் ஒரு நாள் "வாடை அடிக்கிறது" என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. அன்றிரவு நாயின் சாக்கு மாடிப்படிக்குப் போகிறது. மாடிப்படியிலிருந்து சொசைட்டி வாசலுக்கு, வாசலிலிருந்து தெருவுக்கு என்று அடுத்த பயணங்கள் அதிக நாள் எடுப்பதில்லை.

யாரும் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஆறு பேர் படுக்க வேண்டும் என்றால் நாற்றத்தைச் சகித்துக்கொண்டிருக்க முடியாது என்பது நியாயமே. ஆனால் அந்த நாற்றத்துக்குக் காரணம் வயது என்று முடிவு கட்டிவிடுகிறோமே, அதுதான் சரியல்ல. முதிய நாயின் நாற்றம் பெரும்பாலும் ஐந்து இடங்களில் ஒன்றிலிருந்து வருகிறது: வாய், காது, தோல், மூத்திரம் பட்டு ஊறிய பின்னங்கால், ஆசனவாயின் இரு பக்கமும் உள்ள சிறு பைகள். ஐந்தும் கவனித்தால் அடங்கக்கூடியவை. நாய் இளமையாக இருந்தபோது செய்த அதே குளியலையும் அதே சீவலையும் அப்படியே தொடர்வதாலோ, "வயசான ஜீவன், தொந்தரவு செய்ய வேண்டாம்" என்று அடியோடு விட்டுவிடுவதாலோதான் அவை முற்றுகின்றன.

கல்யாண் கிழக்கில் ஓய்வு பெற்ற ரயில்வே ஃபிட்டர் ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம். அவர் வீட்டு ஜிம்மிக்குப் பதின்மூன்று வயது. நாம் பொமரேனியன் என்று சொல்லும் வெள்ளைச் சடைநாய். சரியான பெயர் இந்தியன் ஸ்பிட்ஸ். சென்ற மழைக்காலத்தில் போயிருந்தபோது ஜிம்மி மாடிப்படியில் கிடந்தது. "அண்ணாச்சி, வாயைத் திறந்து பாத்தீங்களா?" என்று கேட்டேன். பார்க்கவில்லை. வாரா வாரம் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியும் நாற்றம் போகவில்லை என்பதே அவர் குறை. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் கடைவாய்ப் பற்களில் பழுப்புக் காரை, ஈறு சிவந்து, ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது. இடது காதுக்குள் கறுப்பு அழுக்கு. உடம்பில் நாற்றமே இல்லை! வாரம் ஒரு முறை நன்றாக இருந்த இடத்தைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரிடம் காட்டி இரண்டு பல்லை எடுத்து, காதுக்கு மருந்து விட்ட பிறகு ஜிம்மியின் சாக்கு மறுபடி கட்டிலடிக்கு வந்துவிட்டது.

குறைவாக, ஆனால் அடிக்கடி

முதிய பிராணியைப் பராமரிப்பதில் மாற்ற வேண்டியது இதுதான். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் குளியல், சீவல், நகவெட்டு, காது என்று ஒன்றரை மணி நேரம் நிற்க வைப்பது மூட்டுவலி உள்ள நாய்க்குத் தண்டனை. பத்து நிமிடம் போதும். இன்று முதுகு சீவலாம், நாளை இரண்டு கால் நகம், மறுநாள் காது. நாய் படுத்தபடியே இருக்கட்டும். ஒரு பக்கம் முடிந்ததும் அதுவாகப் புரண்டால் மறு பக்கம், புரளாவிட்டால் நாளைக்கு. மேசை மேல் தூக்கி வைப்பதும் வேண்டாம். இறங்கக் குதித்தால் இடுப்புப் போய்விடும். தரையில் பாய் விரித்து நீங்களும் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

எப்போது முதுமை என்று கேட்பவர்களுக்கு: லாப்ரடார், ராஜபாளையம் போன்ற பெரிய நாய்களுக்கு ஏழெட்டு வயதிலேயே தொடங்கிவிடும். சிறிய நாய்களுக்குப் பத்து வயதளவில், பூனைக்கும் ஏறக்குறைய அப்படியே. முகம் நரைப்பதை வைத்துக் கணக்கிட வேண்டாம். படுக்கையிலிருந்து எழ இரண்டு முயற்சி எடுக்கிறதா, மாடிப்படி முன் நின்று யோசிக்கிறதா என்று பாருங்கள். யோசித்தால் இந்தக் கட்டுரை உங்கள் வீட்டுக்குப் பொருந்தும்.

கண்ணும் காதும் மங்கிய நாயைப் பின்னாலிருந்து தொடக் கூடாது. திடுக்கிட்டுக் கடிக்கும், அது கோபமல்ல, பயம். குருட்டு நாயிடம் பேசிக்கொண்டே கையை முகரக் கொடுத்து, தோளிலிருந்து தொடங்க வேண்டும். செவிடான நாய்க்குத் தரையை லேசாகக் காலால் தட்டினால் அதிர்வில் திரும்பிப் பார்க்கும். தினமும் ஒரே இடம், ஒரே வரிசை என்று வைத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் அதற்கே அடுத்து என்ன என்று தெரிந்துவிடும்.

மோரியில் குளியல்

நோய் ஒன்றும் இல்லாத முதிய நாய்க்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு குளியல் ஏராளம். இடையில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தாலே போதும். வயது ஏற ஏறத் தோலில் எண்ணெய்ப் பசை குறைந்து வறட்சி வருகிறது. அடிக்கடி சோப்புப் போட்டால் தோல் வெடித்து, சொறிந்து, புண்ணாகி, பிறகு நிஜமாகவே நாறும்.

நம் வீடுகளில் குழாய்த் தண்ணீர் விடியற்காலையில் வருகிறது. அந்தச் சில்லென்ற தண்ணீரை அப்படியே கிழ நாய் மேல் ஊற்றினால் அதன் உடம்பு சூட்டைத் திரும்பப் பிடிக்க வெகுநேரம் ஆகும். பிள்ளையைக் குளிப்பாட்டும் பதத்தில் விளாவிக்கொள்ளுங்கள். முழங்கையை விட்டுப் பார்த்தால் சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. வெயில் ஏறிய பிறகு குளிப்பாட்டினால் காய்வதும் எளிது.

மோரியின் தரை வழுக்கும். இடுப்பு பலவீனமான நாய் ஒரு முறை வழுக்கி விழுந்தால் அதன்பின் மோரியைக் கண்டாலே அலறும். பழைய சாக்கையோ ரப்பர் மிதியடியையோ விரித்து விடுங்கள். பின்கால் நிற்காத நாய்க்கு ஒரு துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்து இரு முனையையும் ஒருவர் தூக்கிப் பிடித்துக்கொண்டால் பாரம் தாங்கும். தண்ணீரைத் தலையிலிருந்து ஊற்றாமல் காலிலிருந்து மேலே வாருங்கள். தலைக்குத் துணியே போதும்.

நாம் போடும் சோப்பும் ஷாம்பூவும் நாய்க்கு ஆகாது. அதன் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது. அமிலத் தன்மையும் வேறு. துணி சோப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பூஞ்சைக்கோ சொறிக்கோ டாக்டர் மருந்து ஷாம்பூ எழுதியிருந்தால், பூசியதும் அலசிவிடுவதில் பயனில்லை. கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம் தோலில் நிற்க வேண்டும். விலை உயர்ந்த புட்டியை இரண்டே நிமிடத்தில் மோரியில் கரைத்துவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று டாக்டரைக் குறை சொல்வது நம்மிடையே வழக்கமாக இருக்கிறது.

காய வைப்பதுதான் மும்பை மழையில் பெரும்பாடு. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை துணியே காய்வதில்லை, சடைநாய் எப்படிக் காயும்? அடிமுடியில் ஈரம் தங்கினால் புளித்த வாடை வரும், தோல் வெந்து சிவக்கும். அந்த மாதங்களில் முழுக் குளியலைத் தள்ளிப் போட்டு, வெளியே போய் வந்ததும் பாதங்களை மட்டும் கழுவி விரல் இடுக்கு, அக்குள், அடிவயிறு என்று துடையுங்கள். விரல் இடுக்கைத் துடைக்காமல் விடுவதால்தான் பாதி நாய்கள் இரவெல்லாம் காலை நக்கிக்கொண்டிருக்கின்றன.

நகம்

நகத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இளம் நாய் ஓடி ஆடும்போது நகம் தரையில் உரசித் தேய்கிறது. கிழ நாய் நடப்பதில்லை. நகம் வளர்ந்துகொண்டே போகிறது. நீண்ட நகம் தரையில் ஊன்றி விரலை மேலே தள்ளுவதால் பாதத்தின் நிலை மாறி, ஏற்கெனவே வலிக்கும் மூட்டு இன்னும் வலிக்கிறது. வலியால் நடை குறைகிறது. நடை குறைவதால் நகம் மேலும் நீள்கிறது. வழவழப்பான டைல்ஸில் வழுக்குவதற்கும் இதுவே காரணம். "வாதம் வந்துவிட்டது" என்று விட்டுவிட்ட சில நாய்கள் நகம் வெட்டியபின் ஓரளவு நன்றாகவே நடப்பதைக் காணலாம்.

முன்காலில் சற்று உயரத்தில் ஒரு நகம் இருக்கிறது. அது தரையைத் தொடுவதே இல்லை. வட்டமாக வளைந்து சதைக்குள்ளேயே குத்தி நிற்கும். சடைநாய்க்கு முடி மூடியிருப்பதால் சீழ் வடியும் வரை தெரியாது.

நகத்துக்குள் ரத்தமும் உணர்ச்சியும் உள்ள சதை ஓடுகிறது. வெள்ளை நகத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும், கறுப்பு நகத்தில் தெரியாது. நெடுநாள் வெட்டாத நகத்தில் இச்சதையும் சேர்ந்தே நீண்டிருக்கும். ஆகவே ஒரே நாளில் குட்டையாக்க முயலாதீர்கள். நுனியில் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் மட்டும். ஒரு வாரம், பத்து நாள் விட்டு மறுபடி அவ்வளவே. அப்படி வெட்ட வெட்ட உள்ளே உள்ள சதையும் பின்வாங்கும். தவறி ரத்தம் வந்தால் சோள மாவை வைத்து இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். காலைப் பக்கவாட்டில் இழுக்காமல், உயரத் தூக்காமல், இருக்கும் இடத்திலேயே பாதத்தை மடக்கிப் பார்த்து வெட்ட வேண்டும். முழங்காலில் வலி உள்ள மனிதரின் காலை அப்படி இழுப்போமா?

சிக்கும் கத்தரியும்

சடைநாய்க்குக் காதின் பின்புறம், அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் முடி திரித்துக்கொள்ளும். அதை இழுத்துச் சீவினால் தோலே கிழியும்; முதிய தோல் தொளதொளவென்று இருப்பதால் கத்தரி வைக்கும்போது முடியோடு தோலும் வந்துவிடும். சிக்குக்கும் தோலுக்கும் நடுவே ஒரு சீப்பைச் செருகிக்கொண்டு, சீப்புக்கு மேலே மட்டும் வெட்டுங்கள். தோலை ஒட்டிப் பெரிய பாயாகப் படிந்துவிட்ட சிக்குக்குக் கத்தரியே கூடாது, மெஷின்தான்.

வெயில் காலம் வந்ததும் மொட்டை அடிப்பதை நான் ஆதரிப்பதில்லை. ஸ்பிட்ஸ் போன்ற இரட்டை முடி நாய்களுக்கு மழித்த முடி சில சமயம் மாதக்கணக்கில் திரும்புவதில்லை. திரும்பினாலும் திட்டுத் திட்டாக வரும். தைராய்டு போன்ற சுரப்பிக் கோளாறு உள்ள நாய்க்கு இந்த அபாயம் அதிகம். ஆசனவாயைச் சுற்றி, அடிவயிற்றில், பாதத்தின் அடியில் மட்டும் குட்டையாக வெட்டிவிட்டால் அழுக்கும் மூத்திரமும் தங்காது. அது போதும்.

மூத்திரம் கட்டுப்படாத நாயின் தொடையை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, வெள்ளை வாஸ்லின் மெல்லிதாகத் தடவுங்கள். துத்தநாகம் கலந்த குழந்தைக் களிம்புகள் வேண்டாம். நாய் நக்கி விழுங்கினால் விஷம். திடீரென்று கட்டுப்பாடு போயிருந்தால் சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருக்கலாம். டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

கை கண்டுபிடிப்பவை

சீவும்போது ஒரு கையில் சீப்பு இருக்கட்டும், மறு கை உடம்பை வருடிக்கொண்டே போகட்டும். சென்ற மாதம் இல்லாத கட்டி, திடீரென்று விலா எலும்பு தட்டுப்படுவது, ஓர் இடத்தைத் தொட்டால் திரும்பிப் பார்ப்பது எல்லாம் கைக்குத்தான் முதலில் தெரியும். கருத்தடை செய்யாத பெட்டை நாய்களுக்கு மார்பகக் கட்டி சாதாரணமாக வருகிறது. ஐந்து ஜோடிக் காம்புகளையும் மாதம் ஒரு முறை தடவிப் பாருங்கள். பட்டாணி அளவில் இருக்கும்போது கொண்டு போவதற்கும் எலுமிச்சை அளவில் கொண்டு போவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

முழங்கை மொட்டியில் காய்ப்புக் காய்த்திருப்பது முதிய நாய்க்கு இயல்பு. ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற சதைப்பற்று இல்லாத நாய்களுக்கு அது வெடித்துப் படுக்கைப் புண்ணாகிவிடும். தேங்காய் எண்ணெய் ஒரு துளி தடவலாம். உண்மையான மருந்து தடித்த மெத்தைதான். சிமெண்டுத் தரையில் ஒற்றைச் சாக்கு போதாது.

காதுக்குள் பஞ்சுக் குச்சி விட வேண்டாம், தேங்காய் எண்ணெயும் ஊற்ற வேண்டாம். வெளியே தெரியும் அழுக்கை ஈரத் துணியால் துடைத்தால் போதும். புளித்த நாற்றமோ தலையைச் சாய்த்து நிற்பதோ இருந்தால் டாக்டர் பார்க்கட்டும். பல்லுக்கு விரலில் மெல்லிய துணி சுற்றித் தேய்க்கலாம், ஆனால் நம் பற்பசை கூடாது. சிலவற்றில் உள்ள சைலிட்டால் என்ற இனிப்பு நாயைக் கொன்றுவிடும். மீன் கவிச்சி போன்ற கடும் நாற்றத்தோடு நாய் தரையில் உட்கார்ந்து இழுத்தால், ஆசனவாய்ப் பைகள் அடைத்திருக்கின்றன என்று பொருள். அதைப் பிதுக்குவது பழகியவர் கை வேலை.

நோய் உள்ள பிராணிகள்

இருதயக் கோளாறு உள்ள நாயையும் பக் போன்ற சப்பை மூக்கு நாயையும் வெயில் நேரத்தில் குளிப்பாட்டவோ சூடான டிரையர் காட்டவோ கூடாது. 2003-இல் வந்த செல்போன் விளம்பரத்துக்குப் பிறகு பக் நாய்க்கு ஏகக் கிராக்கி ஏற்பட்டது. இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. வாயை அகலத் திறந்து இரைத்தாலோ நாக்கு நீலம் பாய்ந்தாலோ அந்த நிமிடமே வேலையை நிறுத்திவிட்டு, காற்றோட்டத்தில் விட்டு, டாக்டருக்குச் சொல்லுங்கள்.

சர்க்கரை நோய் உள்ள நாய்க்குச் சிறு கீறலும் ஆறத் தாமதமாகும், சீக்கிரம் சீழ் பிடிக்கும். அதற்கு நகம் வெட்டும்போது இன்னும் நிதானம் தேவை. இன்சுலின் ஊசி, சாப்பாட்டு நேரம் தவறும்படி குளியலை வைக்காதீர்கள். மூட்டுவலிக்கு டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தால், அது வேலை செய்யும் நேரத்தில் சீவுவது நல்லது. ஆனால் வீட்டிலுள்ள நம் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. இபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாரசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

பூனை தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் என்பது இளமையில் சரி. வயதான பூனைக்கு முதுகு வளையாது, பல் வலிக்கும். இடுப்புப் பக்கம் முடி திரித்து நிற்பதைக் கண்டால் அதற்குச் சோம்பல் என்று எண்ணாதீர்கள். குளிப்பாட்ட வேண்டியதில்லை, தினம் ஐந்து நிமிடம் மெல்லிய சீப்பு, ஈரத் துணி, அவ்வளவே. அதன் நகமும் தடித்து வளைந்து பாதத்தில் குத்தும்.

உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவுவது, புகையிலைத் தண்ணீர் ஊற்றுவது, ஃபினாயிலில் துடைப்பது என்று ஊரிலிருந்து கொண்டுவந்த வைத்தியங்கள் இங்கேயும் நடக்கின்றன. கிழ நாயின் ஈரலும் சிறுநீரகமும் இவற்றைத் தாங்காது. உண்ணியைத் தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து எடுங்கள், விரலால் நசுக்காதீர்கள். நாய்க்கு என்று விற்கும் பெர்மெத்ரின் மருந்து பூனைக்கு எமன். இரண்டும் ஒரே அறையில் இருக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். வலி உள்ள நாய் வளர்த்தவரையே கடிக்கும் என்பதால் வெறிநாய்த் தடுப்பூசியைத் தவற விடாதீர்கள். கடி பட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரி.

இப்போது வீட்டு வாசலுக்கே வேன் கொண்டுவந்து குளிப்பாட்டுகிறார்கள். நல்ல வசதிதான். ஆனால் நாயின் வயது, நோய், மாத்திரை எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லி, கூடவே நில்லுங்கள். கூண்டில் அடைத்து வெப்பக் காற்றில் காய வைப்பதற்குச் சம்மதிக்காதீர்கள்.

எங்கே காட்டுவது?

மத்திய ரயில்வேயில் வருபவர்கள் பரேலில் இறங்கலாம். பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் மிருக மருத்துவமனையும், 1886-இல் தொடங்கிய பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அங்கேதான் இருக்கின்றன. 2024-இல் மகாலட்சுமியில் டாடா அறக்கட்டளையின் சிறு பிராணிகள் மருத்துவமனையும் திறக்கப்பட்டது. நாயை அழைத்துப் போகும்போது எந்த இடத்தில் வாடை, எத்தனை நாளாக, தண்ணீர் அதிகம் குடிக்கிறதா என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். வரிசையில் நின்று உள்ளே போனதும் பாதி மறந்துவிடும்.

வளர்த்த பிராணியைப் பட்டினியும் தாகமும் உறும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் முதல் குற்றத்துக்கு விதித்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இதற்குப் பயந்து யார் நாயை உள்ளே வைத்துக்கொள்ளப் போகிறார்கள்?

மே மாத விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் கிழ நாயை என்ன செய்வது என்று டிக்கெட் கவுண்டரில் வந்து கேட்பதுண்டு. முதல் வகுப்பில் இரண்டு படுக்கை அல்லது நான்கு படுக்கை அறையை முழுதாக எடுத்தால் நாய் உங்களுடனேயே வரலாம். மற்ற வகுப்புகளில் அனுமதி இல்லை. பிரேக் வேனில் உள்ள நாய்ப் பெட்டியில்தான் வர வேண்டும். மூட்டுவலியும் இரைப்பும் உள்ள நாயைக் கோடையில் அந்தப் பெட்டியில் ஏற்றி ஓர் இரவும் பகலும் அனுப்புவதைவிட, அதற்குப் பழகிய பக்கத்து வீட்டாரிடம் விட்டுப் போவது மேல். போகும் முன் நகத்தை வெட்டி, சிக்கெடுத்து, எந்தக் காது, எந்தக் கால் என்று அவருக்குக் காட்டிவிட்டுப் போங்கள்.